கேம்ப் ஷெர்மன் படங்களும் அவற்றில் வராத நிலமும்

பழைய கட்டுமானப் படங்கள் என்றால் எனக்கு ஒரு தனிப் பித்து. அதிலும் முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் ராணுவப் பயிற்சி முகாம்கள் எழும்பிய படங்கள். மலை மலையாகப் பலகைகள், கோவேறு கழுதை வண்டிகள், தொப்பி வைத்த தச்சர்கள், கூரை ஏறாத மரச்சட்டங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ஆனால் அவற்றைப் பகிர்கிறவர்கள் "மூன்றே மாதத்தில் ஒரு நகரம்! இன்றைக்கு முடியுமா?" என்று தவறாமல் ஒரு வரி எழுதுகிறார்களே, அந்த வரியோடுதான் என் சண்டை.

வேகம் பொய்யில்லை. அமெரிக்கா போரில் இறங்கியது 1917 ஏப்ரல் 6. கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது மே 18. செப்டம்பர் முதல் வாரத்தில் இளைஞர்கள் பெட்டியோடு ரயிலேறத் தொடங்கிவிட்டார்கள். அதற்குள் 16 மர நகரங்கள் தயாராக வேண்டும், ஒவ்வொன்றிலும் சுமார் 40,000 பேர் தங்க வேண்டும். இன்னொரு 16 முகாம்கள் கூடாரங்களாக, பெரும்பாலும் குளிர் குறைந்த தென் மாநிலங்களில். கான்ட்ராக்ட் எப்படி என்றால், ஆன செலவைக் கொடுத்து, அதன்மேல் செலவில் குறிப்பிட்ட சதவீதம் கூலி. ஒரு முகாமுக்குக் கூலி 2,50,000 டாலரைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு உண்டு. ஆனாலும் அந்த வரம்பைத் தொடும்வரை, செலவு ஏறினால் கூலியும் ஏறும். சிக்கனம் பிடிக்க யாருக்கு என்ன அவசரம்? போர் முடிந்ததும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழு ஒன்று உட்கார்ந்து இதையெல்லாம் கிளறியது. வேகத்தின் பில் அது.

சரி, பணத்தை விடுங்கள். அந்தப் பதினாறில் ஒன்றான கேம்ப் ஷெர்மனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஓஹாயோ மாநிலத்தில் சில்லிகாத்தி என்ற ஊர், சயோட்டோ ஆற்றங்கரை. ஊரின் மக்கள்தொகை அப்போது ஏறக்குறைய 15,000. பக்கத்திலேயே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள் கொள்ளும் முகாம். அதன் படங்களில் தெரிவது தட்டையான, வெறுமையான சமவெளி. அந்தக் காலத்தில் முகாம்களை எடுக்கப் பெரிதும் பயன்பட்டது சர்கட் கேமரா. முக்காலி மேல் கேமரா மெல்லச் சுழலும், உள்ளே ஃபிலிமும் கூடவே நகரும். நேரான சாலை படத்தில் வில்லாக வளையும். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை வரிசை வரிசையாகக் கட்டடங்கள். பார்க்கிறவருக்கு அங்கே முன்பு எதுவுமே இருந்திருக்காது என்றுதான் தோன்றும்.

இருந்தது. சுமார் 13 ஏக்கரை வளைத்து ஒரு தாழ்ந்த மண்சுவர், அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட மண்மேடுகள். இன்று ஹோப்வெல் பண்பாடு என்று சொல்லப்படும் பழங்குடி மக்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், இறந்தவர்களை எரியூட்டி, சாம்பலை வைத்து, மேலே கூடை கூடையாக மண் கொட்டி எழுப்பியவை. உள்ளே வைத்த பொருட்களைக் கேட்டால் அசந்துபோவீர்கள். சுப்பீரியர் ஏரிப் பக்கத்துச் செம்பு, அப்பலாச்சிய மலையின் மைக்கா, மெக்சிகோ வளைகுடாச் சங்கு, யெல்லோஸ்டோன் பகுதியின் எரிமலைக் கண்ணாடி. சக்கர வண்டியும் குதிரையும் இல்லாத காலத்தில்!

இதெல்லாம் 1917இல் யாருக்கும் தெரியாது என்றால் மன்னித்துவிடலாம். ஆனால் தெரியும். உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஸ்குவியரும் மருத்துவர் டேவிஸும் 1840களிலேயே மேடுகளைத் தோண்டி, அளந்து, வரைபடம் போட்டுவிட்டார்கள். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் முதல் வெளியீடாக 1848இல் வந்தது அந்த ஆய்வுதான். ஒரு மேட்டில் மட்டும் பறவை, விலங்கு உருவில் செதுக்கிய கல் புகைக்குழாய்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அந்தச் சேகரிப்பை 1864இல் இங்கிலாந்துக்கு விற்றுவிட்டார்கள். இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. (லண்டனில் போய் முடியாத பழம்பொருள் எது, சொல்லுங்கள்!)

நியாயமாகச் சொன்னால், ராணுவம் வருவதற்கு முன்பே ஏர் உழுது உழுது மேடுகள் பல தேய்ந்திருந்தன. ராணுவம் செய்தது மிச்சத்தைச் சமன் செய்து, சாலை போட்டு, கொட்டகை ஏற்றியது. எல்லாவற்றிலும் பெரிய மேடு மட்டும் பெருமளவு தப்பியது. 1920, 21இல் ஓஹாயோவின் தொல்லியலாளர்கள் மில்ஸும் ஷெட்ரோனும் அந்த முகாம் நிலத்திலேயே தோண்டினார்கள். மற்ற மேடுகள் போயிருந்தன, அடித்தளங்கள் போகவில்லை. மைக்காத் தகடுகள் பரப்பிய ஈமக்குழி ஒன்று கிடைத்தது அப்போதுதான். அப்புறம் 1923இல் அந்த மேடுகள் இருந்த இடத்தைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். இடித்த ஆறு வருடத்தில் பாதுகாப்பு!

முகாமுக்குள் நடந்ததும் கட்டுமானப் படங்களில் வராது. நெரிசல் பற்றி ராணுவத் தலைமை மருத்துவர் வில்லியம் கோர்காஸ் 1917 கடைசியிலேயே சத்தம் போட்டார். பனாமா கால்வாயில் மஞ்சள் காய்ச்சலை ஒழித்தவர் அவர், விஷயம் தெரியாமல் பேசுகிறவர் இல்லை. அடுத்த ஆண்டு, 1918 இலையுதிர்காலத்தில் இன்ஃபுளுயன்சா வந்தது. கேம்ப் ஷெர்மனில் மட்டும் ஏறத்தாழ 1,200 பேர் செத்தார்கள். உடல்களை வைக்க இடமில்லாமல் ஊரின் மெஜஸ்டிக் நாடக அரங்கைப் பிணவறையாக்கினார்கள். போர்முனைக்குப் போகாமலே, அந்த அழகான வரிசைக் கட்டடங்களில் படுத்திருந்தவர்கள் இவர்கள். நெரிசல்தான் கொன்றது என்று ஒற்றை வரியில் முடிக்க மாட்டேன், அந்தக் காய்ச்சல் உலகம் முழுக்கக் கொன்றது. ஆனால் 40,000 பேரை அவசர அவசரமாக ஒரே இடத்தில் அடைத்தது அதற்கு நல்ல வசதி செய்து கொடுத்தது.

இந்த முகாமில் எடுத்த மிகப் பிரபலமான படமும் அதே 1918தான். மோல், தாமஸ் என்ற இரு புகைப்படக்காரர்கள் 21,000 பேரைத் தரையில் நிறுத்தி, உயரக் கோபுரத்தின் மேலிருந்து எடுத்த ஜனாதிபதி உட்ரோ வில்சனின் முகம். கேமராவுக்குத் தூரம் போகப் போக ஆட்களைக் கூட்டிக் கூட்டி நிறுத்தினால்தான் முகம் கோணாமல் வரும். கணக்கு அபாரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் ஒரு சிப்பாயின் மூக்கைக்கூட நீங்கள் பார்க்க முடியாது. அந்தப் படத்தை வியக்கிறவர்களும் மூன்று மாதத்து நகரத்தை வியக்கிறவர்களும் அநேகமாக ஒரே ஆட்கள்.

மர நகரம் இன்று இல்லை. போர் முடிந்ததும் பிரித்து விற்றார்கள். அந்த நிலத்தில் இப்போது முன்னாள் படைவீரர் மருத்துவமனை, சிறைச்சாலை, மேடுகளின் தேசியப் பூங்கா. பூங்காவில் நிற்கும் மேடுகளில் பெரும்பாலானவை பழைய வரைபடத்தைப் பார்த்து மறுபடி எழுப்பியவை. 2023இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் அந்த இடமும் சேர்ந்தது.

படங்களைப் பகிராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் பகிருங்கள், நானும் சேமித்து வைத்துக்கொள்வேன். கேம்ப் ஷெர்மன் படம் என்றால் மட்டும், பக்கத்தில் அந்த 1848 வரைபடத்தையும் ஒட்டிவிடுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.