அந்த லேப் சாவியைத் திருப்பிக் கொடுங்கள்

சனிக்கிழமை பள்ளி மேடையில் ஒரு மாணவியின் ரோபோ வண்டி ஓடாமல் நின்றுபோன வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். எந்தப் பள்ளி என்று நான் எழுதப்போவதில்லை, கமெண்டிலும் எழுத வேண்டாம். ஆனால் ரோபோ நின்றுபோனதைப் பற்றியே பேசுகிறீர்களே, நின்ற பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்தாள் என்று யாராவது கவனித்தீர்களா?

மண்டியிட்டு உட்கார்ந்தாள். வண்டியைக் கையில் தூக்கினாள், சக்கரம் சுற்றியது. தரையில் வைத்தாள், வண்டியை இயக்கும் சின்னக் கணினியான ஆர்டுயினோ போர்டின் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது, வண்டி நின்றது. உடனே அவள் கை பேட்டரிக்குப் போனது. வழக்கமாகப் போடும் இரண்டு லித்தியம் செல்லுக்குப் பதிலாக, அவசரத்துக்கு யாரோ வாங்கி மாட்டிவிட்ட 9 வோல்ட் சதுர பேட்டரி. பாரத்தோடு கிளம்பும்போது மோட்டார் இழுக்கும் கரண்டை அது தாங்காது. வோல்டேஜ் சரியும், போர்டு ரீசெட் ஆகும். எட்டாம் வகுப்புப் பிள்ளை, அரை நிமிடத்தில் பிடித்துவிட்டாள். அதற்குள் மைக்கில், "போதும்மா, எடுத்துட்டுப் போ." திங்கட்கிழமை பள்ளியின் ரோபோட்டிக்ஸ் லேபுக்குப் பூட்டு.

ரோபோட்டிக்ஸ் கிளப் என்பதே அந்த அரை நிமிடம்தான். வண்டி ஓடுவது அல்ல, ஏன் ஓடவில்லை என்று தேடுவது.

மத்திய அரசுத் திட்டத்தில் பள்ளிகளில் அமைக்கும் அடல் டிங்கரிங் லேபுக்கு ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரையுள்ள பிள்ளைகள் கையால் செய்து பழகுவதற்கு. அடுத்த 5 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 லேப் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். சந்தோஷம். சாவி யார் கையில் இருக்கும்?

"பொருள் பாழானால் யார் பொறுப்பு?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஸ்டாக் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடும் ஆசிரியரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கிளப்பில் நாங்கள் பயன்படுத்தும் போர்டு சில நூறு ரூபாய். எரிந்தால் நான் வாங்கித் தருகிறேன் என்று எழுதியே கொடுத்திருக்கிறேன். "இதனால் மார்க் வருமா?" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒன்பது வயதில் ஒரு டிரான்சிஸ்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு அழுதுகொண்டு நின்றேன். அவர் திட்டவில்லை. ஸ்க்ரூவை எல்லாம் ஒரு கிண்ணத்தில் போடச் சொன்னார், "இப்ப மாட்டு" என்றார். ராத்திரி பத்து மணி ஆனது. அப்புறம் கல்லூரிக்குப் போனேன், அங்கே எலக்ட்ரானிக்ஸ் லேபில் பையன்கள் வயர் மாட்டுவார்கள், "உன் கையெழுத்து நல்லா இருக்கு" என்று என்னிடம் ரெக்கார்ட் நோட்டைத் தள்ளுவார்கள். மூன்று வருடம் எழுதினேன். அந்த வீடியோவுக்குக் கீழே "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்ததும் அந்த நோட்டுதான் கண்முன் வந்தது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. குறைதான் சொல்கிறேன். விருந்தினர் வரும் நாளில் மட்டும் திறக்கிற அறைக்கு லேப் என்று பெயர் வைக்காதீர்கள்.

நேற்று ராத்திரி அவள் அம்மாவின் போனிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, தப்பு பேட்டரிலதான். நோட்டுல எழுதி வச்சிட்டேன். லேப் எப்ப திறப்பாங்க?"

இன்னும் பதில் அனுப்பவில்லை.