பாதி நெல்லிக்கனி

இடம்: பாலக்கோடு தக்காளி மார்க்கெட் பக்கத்தில் ஒரு டீக்கடை.
நேரம்: சனிக்கிழமை சாயங்காலம், வாரக் கூலி பட்டுவாடா.
ஆட்கள்: தோட்டங்களுக்குக் கூலி ஆட்களைக் கூட்டிப்போகும் மேஸ்திரி மாதையன், தக்காளி பறிக்கும் முனியம்மாள். (முனியம்மாள் மகளிர் குழுவில் கணக்கு எழுதுபவர். அது தெரிந்தும் மேஸ்திரி அவரிடம் கணக்கில் இறங்கினார் என்றால் அது அவருடைய தலையெழுத்து.)

மாதையன்: இந்தா முனியம்மா, ஆறு நாள், 350 வீதம் 2,100. எண்ணிக்கொள். டீ சொல்லட்டுமா?

முனியம்மாள்: சொல்லுங்கண்ணா. பொம்பளை டீயாகச் சொல்லுங்கள்.

மாதையன்: அது என்ன டீ? சர்க்கரை கம்மியா?

முனியம்மாள்: சர்க்கரை, பால், டிகாஷன் எல்லாம் அப்படியே இருக்கட்டும். விலைதான் கம்மி. ஆம்பளை ஆளுக்கு 600, பொம்பளை ஆளுக்கு 350. அந்தக் கணக்குப்படி ஆம்பளை டீ 12 ரூபாய் என்றால் பொம்பளை டீ 7 ரூபாய்தானே?

மாதையன்: கடைக்காரர் காதில் விழப்போகிறது, மெதுவாகப் பேசு.

முனியம்மாள்: அரிசிக் கடையிலும் கேட்டுப் பார்த்தேன், ஒரே விலையாம். குழுக் கடனுக்குத் தவணை கட்டப் போனேன். பொம்பளைதானே, பாதி கட்டிவிட்டுப் போ என்று அங்கேயும் யாரும் சொல்லவில்லை.

மாதையன்: டவுன் பஸ்ஸை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாயே! 2021இலிருந்து உங்களுக்கு ஓசி. நான் டிக்கெட் எடுக்கிறேன். அதற்கு நான் சண்டைக்கு வந்தேனா?

முனியம்மாள்: அந்த பஸ்ஸுக்குத் தோட்டக்காரரா டீசல் போடுகிறார்? போட்டால் தாராளமாகக் கூலியில் கழித்துக்கொள்ளட்டும்.

மாதையன்: மாசம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை? 2023 ஜூலையில் நம் தொப்பூருக்கு முதலமைச்சரே வந்து விண்ணப்பப் பதிவைத் தொடங்கிவைத்தார். மனுவை எடுத்துக்கொண்டு நீயும்தான் ஓடினாய்.

முனியம்மாள்: ஓடினேன், பணமும் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. சரி, ஒரு நாள் கூலியில் எங்களுக்கும் ஆம்பளைகளுக்கும் எவ்வளவு வித்தியாசம்?

மாதையன்: 250.

முனியம்மாள்: நாலு நாளைக்கு?

மாதையன்: (விரல் விட்டு) 1,000.

முனியம்மாள்: பார்த்தீர்களா? தோட்டத்தில் நாலே நாளில் போவதை அரசாங்கம் முப்பது நாளைக்கு ஒருமுறை தருகிறது. அஞ்சாம் நாளிலிருந்து போவதை யார் தருவார்கள்?

மாதையன்: 1989இல் முதல்முதலாக நம் தருமபுரி மாவட்டத்தில்தான் இந்த மகளிர் குழுவைத் தொடங்கினார்கள். வேறு மாவட்டமே கிடைக்கவில்லையா அவர்களுக்கு? சரி, கணக்கை விடு. பலம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? பெட்டி தூக்குவது யார்?

முனியம்மாள்: நேற்று ஏற்றுக்கூலி ஆள் ஒருவர் வரவில்லை. பெட்டிக்கு ஒரு பக்கம் சின்னராஜ், இன்னொரு பக்கம் நான். என் பக்கத்துத் தக்காளி மட்டும் எடை குறைந்தா கிடந்தது?

மாதையன்: அது ஒரு நாள் கூத்து.

முனியம்மாள்: ஏற்றுவதே சாயங்காலம் ஒரு மணி நேரம்தான். காலையிலிருந்து குனிந்தபடி காய், செங்காய், பழம் என்று பார்த்துப் பறித்து, ஓட்டை உடைசலைத் தனியாகப் பிரித்துப் போடுவது யார்? டெம்போ வரும்வரை புளியமரத்தடியில் செல்போன் பார்ப்பதற்கும் பலம் வேண்டுமா?

மாதையன்: அவர்களும் கூடவே பறிக்கத்தானே செய்கிறார்கள்!

முனியம்மாள்: ஆமாம், அந்தப் புதுப் பையன் பறித்தான். செடியோடு.

மாதையன்: பழகாத பையன். கற்றுக்கொள்வான்.

முனியம்மாள்: கற்றுக்கொள்கிற அவனுக்கு 600. கற்றுக்கொடுக்கிற எனக்கு 350.

(மேஸ்திரி டீயை ஊதி ஊதிக் குடித்தார். அது ஆறிப்போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது.)

மாதையன்: அப்படி இல்லை முனியம்மா. ஆம்பளை குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவன். அதனால் கூட இரண்டு காசு.

முனியம்மாள்: அப்படியா? அப்போது நம் ராஜம்மாவுக்கு 600 கொடுங்கள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு மூன்று பிள்ளைகளை அவள் ஒருத்திதான் காப்பாற்றுகிறாள். அந்தப் புதுப் பையனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அவனுக்கு 350.

மாதையன்: அவன் நாளைக்கே ஓடிப்போவான்.

முனியம்மாள்: ராஜம்மா ஓடமாட்டாள் என்கிற தைரியம்தானே உங்களுக்கு!

மாதையன்: பெண்களை மதிக்காத ஊர் மாதிரி பேசாதே. இது அதியமான் ஆண்ட தகடூர். தின்றால் ஆயுள் நீளும் என்கிற நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த மண்.

முனியம்மாள்: முழுக் கனியா, பாதியா?

மாதையன்: முழுக் கனிதான்!

முனியம்மாள்: நேரில் கொடுத்ததால் தப்பித்தாள் கிழவி. நடுவில் மேஸ்திரி இருந்திருந்தால், பொம்பளைப் புலவர்தானே, பாதி போதும் என்று கடித்துவிட்டுக் கொடுத்திருப்பீர்கள்.

(டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டுதான் சிரித்தார். மேஸ்திரி மாசக் கணக்கில் டீ குடிக்கிறவர்.)

மாதையன்: இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

முனியம்மாள்: என் பெண் தருமபுரியில் காலேஜ் படிக்கிறாள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி வேலைக்கு ஒரே கூலி என்று 1976லேயே சட்டம் போட்டுவிட்டார்களாம். அப்புறம் 2019இல் கொண்டுவந்த புது ஊதியச் சட்டத்திலும் அதையே எழுதியிருக்கிறார்களாம்.

மாதையன்: அதெல்லாம் ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்காருகிறவர்களுக்கு. மண்ணில் இறங்கினால் வேறு கணக்கு.

முனியம்மாள்: நூறு நாள் வேலையும் மண்ணில்தானே நடந்தது? 2024-25க்கு அறிவித்த கூலி 319 ரூபாய். ஆணுக்கும் அதே, பெண்ணுக்கும் அதே. அங்கே ஏரி மண்ணை வெட்டும்போது தெரியாத வித்தியாசம் இங்கே தக்காளியைத் தொட்டதும் தெரிகிறதா?

மாதையன்: தோட்டக்காரருக்குக் கட்டுப்படியாக வேண்டாமா? தக்காளி ஒரு நாள் தங்கம், மறுநாள் குப்பை. விலை இறங்கினால் ரோட்டோரம் கொட்டுகிற பொருள் இது.

முனியம்மாள்: விலை இறங்கினால் கஷ்டம்தான், நானும் பார்க்கிறேன். ஆனால் விலை ஏறிய அன்றைக்கு எங்களுக்கு 600 கொடுத்தீர்களா? பம்பாயில் ஒரு கப்பல் கம்பெனியும் கட்டுப்படியாகாது என்றுதான் சொன்னதாம். பெண் ஸ்டெனோவுக்குச் சம்பளம் குறைவு. சுப்ரீம் கோர்ட் 1987இல், உனக்குக் கட்டுப்படியாவதைப் பொறுத்ததல்ல இந்தச் சட்டம் என்று சொல்லிவிட்டது.

மாதையன்: கப்பல் எங்கே, தக்காளி எங்கே?

முனியம்மாள்: கப்பலே தப்பவில்லை, டெம்போ தப்புமா?

மாதையன்: (எழுந்து நின்று, சத்தமாக) சரி! சமம்தானே வேண்டும்? திங்கட்கிழமையிலிருந்து எல்லாருக்கும் சமம். ஆம்பளைக்கும் 350!

(எதிரே டெம்போவில் ஏறிக்கொண்டிருந்த பெட்டி பாதி வழியில் நின்றது. பிறகு மெதுவாகத் தரைக்கு இறங்கியது. சின்னராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார். கூட இருந்த மூன்று பேரும் பார்த்தார்கள்.)

மாதையன்: சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்டா! ஏற்றுங்கள், ஏற்றுங்கள்.

முனியம்மாள்: நீங்கள் நிஜமாகச் சொன்னாலும் செல்லாது. சமம் ஆக்குகிறேன் என்று கூட வாங்குகிறவர் கூலியைக் குறைக்கவே கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. எழுதியவர்களுக்கு உங்களை மாதிரி ஒரு மேஸ்திரியைத் தெரிந்திருக்கும்.

மாதையன்: என்னை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறாய்? கூலி வைப்பது தோட்டக்காரர். நான் ஆள் கூட்டிவருகிறவன், அவ்வளவுதான்.

முனியம்மாள்: அதுவும் நியாயம்தான். ஆள் கூட்டிவர உங்களுக்கு என்ன கிடைக்கிறது?

மாதையன்: தலைக்கு 30 ரூபாய் கமிஷன்.

முனியம்மாள்: பொம்பளைத் தலைக்கு?

மாதையன்: அதற்கும் 30தான்.

முனியம்மாள்: அதெப்படி? தோட்டக்காரரிடம் சொல்ல வேண்டும். அரையாள் வேலைதானே பார்க்கிறார்கள் பொம்பளைகள். 600க்கு 350 என்றால் 30க்குப் பதினேழரை ரூபாய். எங்கள் கூட்டத்தில் பதினெட்டுப் பேர். ஒரு நாளைக்கு 225 ரூபாய் அவருக்கு மிச்சம். சந்தோஷப்படுவார்.

மாதையன்: (டம்ளரை நங்கென்று வைத்து) அது என்ன அநியாயம்! ஆம்பளையைக் கூப்பிடவும் விடிகாலை அஞ்சு மணிக்கு அதே தெருவில்தான் கத்துகிறேன், பொம்பளையைக் கூப்பிடவும் அதே கத்தல்தான். ஒரே வேலைக்கு எப்படி இரண்டு விதமாகக் கொடுப்பான்? தலை என்றால் எல்லாம் ஒரே தலைதானே?

முனியம்மாள்: அண்ணா, இதையே ஒரு வார்த்தை மாற்றாமல் தோட்டக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

மாதையன்: இப்போதா?

முனியம்மாள்: திங்கட்கிழமை பறிக்க ஆள் வேண்டுமா, வேண்டாமா?

(மேஸ்திரி செல்போனை எடுத்தார். டவர் இல்லாவிட்டால் நன்றாக இருக்கும் என்பதுபோல் அதைப் பார்த்தார். மூன்று கோடு முழுசாக இருந்தது.)

மாதையன்: ரிங் போகிறது... ஐயையோ, அவர் வீட்டம்மா எடுத்துவிட்டார்!

முனியம்மாள்: இன்னும் நல்லது. ஸ்பீக்கரில் போடுங்கள்.