மருந்துப்போலின்னா என்னான்னு எங்கக்காவுக்கு யாரும் சொல்லல

எங்கக்கா மகனுக்கு தலசீமியா, ரத்தத்துல ஹீமோகுளோபின் ஒழுங்கா உருவாகாத பரம்பரை நோய். 14 வயசு. மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் ஏத்தணும். இலங்கையில பண்டாரவளைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துல லயத்து வீட்டுல இருக்காங்க, ஆஸ்பத்திரிக்கு போற அன்னைக்கு விடியுமுன்ன எந்திரிச்சு ரெண்டு பஸ் மாறணும், அக்காவுக்கு அன்னைக்கு பேரும் விழாது, சம்பளம் போச்சு.

ரத்தம் ஏத்துனா சரின்னு நெனைச்சிறாதீங்க. ஒரு பைன்ட் ரத்தத்துல 200 மில்லிகிராமுக்கு கொறையாம இரும்பு இருக்கு, அத வெளிய தள்ள ஒடம்புக்கு வழியே கெடையாது, அது ஈரல்லயும் இருதயத்துலயும் போயி படிஞ்சிரும். இந்த புள்ளைங்க நெறையப் பேர கொண்டுபோனது ரத்தக்கொறைவு இல்ல, அந்த இரும்பால வந்த இருதய வருத்தம். அந்த இரும்ப வெளிய எடுக்கிற மருந்துதான் டெஸ்பெரால். வாரத்துல அஞ்சு ராத்திரி, வயித்துத் தோலுக்கடியில ஊசி, இடுப்புல ஒரு சின்ன பம்ப், எட்டு பத்து மணித்தியாலம் ஓடும். காலையில குத்துன எடம் கொட்டைப்பாக்கு கணக்கா வீங்கியிருக்கும். அவனே குத்திக்கிறான். எந்தப் பக்கம் குத்தினோம்னு மறக்காம இருக்க கிளினிக் கொப்பி கடைசிப் பக்கத்துல இ, வ, இ, வன்னு வரிசையா எழுதி வெச்சிருக்கான், பாத்தா வயிறு கலங்கும்.

போன வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில (பேரு வேணாம்) ஒரு ஆராய்ச்சிக்கு இவன சேக்க விருப்பமான்னு கேட்டு அக்கா கையில ஒரு ஃபோர்ம குடுத்திருக்காங்க. ஹைட்ரொக்ஸியூரியான்னு ஒரு மருந்து. டொக்டர் நல்ல மனுசன், ஆனா தமிழ் தெரியாது, தமிழ் பேசுற நர்ஸ் மிஸ் அன்னைக்கு டியூட்டியில இல்ல. ஃபோர்ம் தமிழ்லதான் இருந்துச்சு. அதுல "எழுமாற்றாக", "மருந்துப்போலி" அப்புடின்னு ரெண்டு சொல்லு. அக்கா ஓ லெவல் வரைக்கும் படிச்சவ. எழுமாற்றுன்னா ரத்தத்த மாத்தி ஏத்திப்புடுவாங்களோன்னு ஒரு பயம், மருந்துப்போலின்னா எம்புள்ளைக்கு போலி மருந்தா குடுக்கப் போறாங்கன்னு இன்னொரு பயம், அதோட பக்கத்து லயத்து ஆளு ஒருத்தரு அது கேன்சர் மருந்துன்னு வேற சொல்லிட்டாரு. ராத்திரி எனக்கு போன் பண்ணி அழுகுறா, தம்பி, இவனுக்கு கேன்சரா, எங்கிட்ட மறைக்கிறாங்களான்னு. கையெழுத்து போடல.

நாலு டொக்டர்மார்கிட்ட கேட்டு அவளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். அந்த மருந்து ரத்தப் புற்றுநோய் சிலதுக்கு ரொம்ப காலமா குடுக்குறது உண்மதான், ஆனா வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஓடுற ஹீமோகுளோபின் ஒன்னு இருக்கே, அத அது கூட்டிவிடும், அதனாலதான் தலசீமியாவுக்கும் குடுத்துப் பாக்குறாங்க. எழுமாற்றுன்னா தீபாவளிச் சீட்டு குலுக்கிப் போடுற மாதிரி, யாருக்கு எது விழும்னு டொக்டர் கையில இல்ல. மருந்துப்போலின்னா பாக்க அதே மாதிரி இருக்கிற, மருந்து இல்லாத குளிசை, அது விழுந்தாலும் ரத்தமும் டெஸ்பெராலும் நிக்காது. பிடிக்கலன்னா எப்ப வேணும்னாலும் வெலகலாம், வைத்தியத்துல ஒரு கொறையும் வைக்கக் கூடாது. இத கேட்டதும் அவ சொன்னா, இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேனேன்னு.

எனக்கு கோபம் வாறது இங்கதான். தோட்டத்து ஆளுங்களுக்கு வெளங்காது, பயந்தாங்கொள்ளிங்கன்னு சொல்லிட்டுப் போயிர்றாங்க. போலின்னு எழுதிக் குடுத்தா எந்தத் தாய்தான் பயப்பட மாட்டா? நம்ம ஆளுங்களும், "எங்கள எலியா வெச்சுப் பாக்குறாங்க"ன்னு ஒரேயடியா ஒதுங்குறது எனக்கு சரியா படல. குருநாகலையில தலசீமியா புள்ளைங்கள வருஷக்கணக்கா பாத்துத்தான், ஹீமோகுளோபின் ஈ கலந்த ஒரு வகை தலசீமியா இருக்கிற நெறையப் பேருக்கு அடிக்கடி ரத்தம் ஏத்தத் தேவையில்லன்னு கண்டுபுடிச்சு 2005ல லான்செட் சஞ்சிகையில எழுதுனாங்க. ஊசி குத்தாத ஒவ்வொரு மாசமும் ஒரு புள்ளைக்கு எவ்வளவு பெருசுன்னு அந்த கொப்பியப் பாத்தவனுக்குத்தான் தெரியும். அப்புடி ஒரு ஆராய்ச்சியில நம்ம புள்ளைங்களும் இருக்கணும், வெளங்கி இருக்கணும். ஃபோர்ம அச்சடிக்க முன்ன கொழுந்தெடுக்கிற ஒரு அம்மாகிட்ட குடுத்து சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, எந்த எடத்துல நிக்குறாங்களோ அந்தச் சொல்ல மாத்துங்க. வீட்டுக்கு கொண்டுபோயி ரெண்டு நாள் யோசிக்க விடுங்க. அந்தப் புள்ளைகிட்டயும் கேளுங்க, ஊசி அவனுக்குத்தானே.

அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். ஆள் எடுத்து முடிஞ்சிருச்சாம். அடுத்த ஃபோர்ம் எழுதுறப்ப எங்கிட்ட ஒருக்கா குடுங்க, தோட்டத்துல வாசிச்சுக் காட்டி திருத்திக் கொண்டாறேன், காசு ஒன்னும் வேணாம்னு டொக்டர்கிட்ட சொன்னேன். என் நம்பர எழுதி எடுத்துக்கிட்டாரு.