டிரம்ப் மட்டும்தான் காரணமா?

2025 ஏப்ரல் கனடா தேர்தலை டிரம்ப்தான் தீர்மானித்தார் என்கிறது உங்கள் கட்டுரை. பாதிதான் சரி. கனடாவை அமெரிக்காவின் 51-வது மாநிலமாக்கலாம் என்ற அவரது பேச்சும் அவர் போட்ட இறக்குமதி வரியும், வென்ற லிபரல் கட்சியின் தலைவர் மார்க் கார்னிக்குக் கைகொடுத்தது உண்மை. ஆனால் தோற்ற கன்சர்வேடிவ் கட்சியும் 41 சதவீதத்துக்கு மேல் வாங்கியதே, அது எப்படி? வாடகை, மளிகைச் செலவு, வீடு வாங்க வழியில்லாத இளைஞர்கள். இந்தக் கோபத்தைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிடுகிறது. அமெரிக்க எல்லையில், கார் தொழிற்சாலைகளை நம்பி வாழும் விண்ட்சர் நகரைப் பாருங்கள். வரியால் முதல் அடி வாங்கும் ஊர். அங்கேயே இரண்டு தொகுதிகளை கன்சர்வேடிவ்கள் பிடித்தார்கள், ஒன்றை மறு எண்ணிக்கையில் வெறும் 4 வாக்கில்.

எனக்குப் பெரிய வருத்தம் இடதுசாரிச் சாய்வுள்ள என்.டி.பி. (புதிய ஜனநாயகக் கட்சி) விஷயத்தில்தான். கன்சர்வேடிவ் தலைவர் பொலியேவ் பிரதமராக வந்துவிடக் கூடாது என்று அதன் ஆதரவாளர்கள் பலர் லிபரலுக்குப் போட்டார்கள். கிடைத்தது 7 இடம். நாடாளுமன்றத்தில் கட்சி அங்கீகாரத்துக்கே 12 வேண்டும். பல் மருத்துவத் திட்டத்துக்காக நெருக்கடி கொடுத்த கட்சி அது! பிடித்தவருக்குப் போடாமல் பயந்து போடவைக்கும் இந்தத் தேர்தல் முறையை மாற்றுவேன் என்று 2015-ல் சொன்னவர் கார்னிக்கு முன் லிபரல் தலைவராக இருந்த ட்ரூடோ. 2017-ல் கைவிட்டுவிட்டார். கார்னியிடம் இதைக் கேட்டு அடுத்த கட்டுரை எழுதுங்கள்.