வயதான முகத்தை வரையுங்கள்

மீட்கப்பட்ட சிம்பன்சிகளின் உருவப்படங்களை வரைந்து விற்று, வந்த பணத்தைக் காப்பகங்களுக்குத் தருகிற ஓவியர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். மனதாரப் பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் குட்டிகளின் முகம்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. வெளிறிய முகம், விரிந்த காது, பெரிய கண். சீக்கிரம் விலைபோகும், சந்தேகமே இல்லை. அப்படி விலைபோகிற படம் சிம்பன்சிகளுக்குக் கெடுதலும் செய்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

காப்பகத்தில் யார் வாழ்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மாண்ட்ரியலுக்குப் பக்கத்தில் ஃபானா அறக்கட்டளையின் காப்பகம் இருக்கிறது. குளோரியா குரோவும் கால்நடை மருத்துவர் ரிச்சர்ட் ஆலனும் தொடங்கியது. நியூயார்க்கில் லெம்சிப் என்ற ஆய்வுக்கூடத்தை மூடியபோது, 1997இல் அங்கிருந்து 15 சிம்பன்சிகள் இங்கே வந்து சேர்ந்தன. அவற்றில் எட்டுக்கு ஆய்வுக்காக எச்.ஐ.வி. கிருமியை ஏற்றியிருந்தார்கள். லெம்சிப்பில் ஒரு சிம்பன்சிக்குக் கிடைத்த இடம், தரையில் படாமல் தொங்கவிட்ட ஒரு கூண்டு: 5 அடி நீளம், 5 அடி அகலம், 7 அடி உயரம்.

அந்தப் பதினைந்தில் ஒருவன் டாம். ஆப்பிரிக்காவில் பிறந்து, 30 ஆண்டுகளுக்கு மேல் ஆய்வுக்கூடங்களில் கழித்தவன். பதிவேடுகளின்படி அவனை 369 முறை மயக்கியிருக்கிறார்கள். கல்லீரலிலிருந்து 56 முறை ஊசியால் திசு எடுத்திருக்கிறார்கள். 2009 டிசம்பரில் ஃபானாவில் இறந்தான். இன்னொருவன் பில்லி ஜோ. முதல் 15 ஆண்டுகள் கேளிக்கை நிகழ்ச்சிகளில், பிறகு லெம்சிப்பில். ஒருமுறை மயக்க மருந்து தெளிந்து தனியாக விழித்தபோது தன் கட்டைவிரல்களைத் தானே கடித்துத் துண்டித்துவிட்டான். பில்லி ஜோவைக் கழுத்துக்கு மேல் மட்டும் வரைந்தால் அவன் வாழ்க்கையில் பெரும்பகுதி படத்துக்கு வெளியே போய்விடும். கையும் தெரிகிற மாதிரி படத்தை அமைக்க வேண்டும். விரல் இல்லாததை மிகைப்படுத்தவும் வேண்டாம், நிழலில் ஒளிக்கவும் வேண்டாம்.

காப்பகங்களுக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் இப்படி முதிர்ந்த உயிர்கள்தான். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் சிம்பன்சி ஆய்வுக்கு 2015இல் முழுதாக முற்றுப்புள்ளி வைத்தது. ஓய்வுபெற்றவை லூசியானாவில் உள்ள சிம்ப் ஹேவன் போன்ற இடங்களுக்குப் போகின்றன. அங்கே இனப்பெருக்கத்துக்கு விடுவதில்லை. ஆண்களுக்குக் கருத்தடை செய்துவிடுவார்கள். ஆகவே அங்கே ஆகிற செலவு மூப்பின் செலவு: இதய நோய், நீரிழிவு, மூட்டுவலி, முன்பு ஏறிய பழைய ஏணியைச் சரிவுப் பலகையாக மாற்றும் தச்சு வேலை. கியூபெக் என்றால் பல மாதக் குளிருக்கு வெப்பமூட்டும் செலவும் சேரும். வட அமெரிக்கக் காப்பகங்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஒரு சிம்பன்சிக்கு ஆண்டுக்கு 20,000 டாலரை ஒட்டி வருகிறது. அடைப்பில் சிம்பன்சி 50 வயதைத் தாண்டியும் வாழும். குட்டியின் படத்தைக் காட்டி நன்கொடை கேட்டால், கொடுப்பவர் மனதில் பதிவது ஒரு குழந்தை. அவர் பணம் உண்மையில் போவது ஒரு கிழவனின் இதய மாத்திரைக்கு. அந்தக் கிழவனையே காட்டுவதுதான் நேர்மை.

கெடுதல் என்று சொன்னதற்கு வருகிறேன். 2008இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், விலங்குக் காட்சிசாலைக்கு வந்தவர்களிடம் எந்த மனிதக் குரங்கினங்கள் அழியும் நிலையில் இருக்கின்றன என்று கேட்டார்கள். கொரில்லாவையும் ஒராங்குட்டானையும் 90 விழுக்காட்டுக்கு மேலானவர்கள் சரியாகச் சொன்னார்கள். சிம்பன்சிக்கு 66 விழுக்காடுதான். விளம்பரத்திலும் தொலைக்காட்சியிலும் சட்டை போட்ட சிம்பன்சிகளைப் பார்த்துப் பழகியதைப் பலர் காரணமாகச் சொன்னார்கள். 2011இல் வந்த இன்னோர் ஆய்வு, மனிதருக்குப் பக்கத்தில் சிம்பன்சி நிற்கிற படத்தைப் பார்த்தவர்களிடம் 'காட்டில் இவை நன்றாகத்தான் இருக்கின்றன' என்ற எண்ணமும், வீட்டில் வளர்க்கலாமே என்ற எண்ணமும் கூடியதைக் காட்டியது. குட்டிப் படங்களை அந்த ஆய்வுகள் தனியாக எடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் வீட்டில் வளர்க்க விலைக்கு வாங்கப்படுவது குட்டிதானே! காட்டில் ஒரு குட்டியைப் பிடிக்க வேண்டுமானால் தாயைச் சுட வேண்டும். பல நேரம் தடுக்க வரும் மற்றவற்றையும் சேர்த்து.

சியரா லியோனில் தக்குகாமா காப்பகத்தை 1995இல் தொடங்கிய பாலா அமரசேகரன் இலங்கையில் பிறந்தவர். 1988இல் ஒரு கிராமத்தில் விற்பனைக்குக் கட்டிப்போட்டிருந்த நோஞ்சான் குட்டியை அவரும் மனைவியும் வாங்கினார்கள். புரூனோ என்று பெயரிட்டார்கள். ஆப்பிரிக்கக் காப்பகங்களுக்கு இப்படிக் குட்டிகளாகத்தான் வந்து சேர்கின்றன. அங்கேயும் வளர்ந்த பிறகு வரையலாம். நூற்றுக்கு மேற்பட்ட சிம்பன்சிகள் வாழும் அந்தக் காப்பகம், சுற்றியுள்ள காட்டை ஆக்கிரமிப்பதை எதிர்த்து 2025 மே மாதம் பார்வையாளர்களுக்குக் கதவை மூடியது. நுழைவுக் கட்டணம் நின்றாலும் சாப்பாட்டுச் செலவு நிற்காது. ஓவியம் விற்ற பணம் உதவ வேண்டிய நேரம் அதுதான்.

இனி வரைவது பற்றி. முதல் தவறு கண்ணில் நேர்கிறது. மனிதக் கண்ணைப் போல விழிவெண்மையை வெள்ளையாக விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான சிம்பன்சிகளுக்கு அந்தப் பகுதி அடர் பழுப்பு. அதை வெளுத்துவிட்டால், சிம்பன்சி முகமூடி போட்ட மனிதன் பார்ப்பது போல ஆகிவிடும். சிலவற்றுக்கு உண்மையிலேயே வெள்ளை தெரியும்; அதனால்தான் ஊகிக்காமல் படத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, 'சிரிப்பு'. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தெரிய உதட்டை இழுத்துக்கொண்டிருக்கும் முகம் அச்சத்தின் முகம். விளையாட்டு முகத்தில் தாடை தளர்ந்து தொங்கும், மேல்பற்களை உதடு மூடியிருக்கும். அச்ச முகத்தை மகிழ்ச்சி என்று தலைப்பிட்டு விற்பதை எந்தக் காப்பகமும் ஏற்கக்கூடாது.

மூன்றாவது, கருப்பு. டியூபிலிருந்து பிதுக்கிய கருப்பு மயிரைத் தார் பூசியதாக்கிவிடும். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பையும் கலந்தால் கிடைக்கும் கருமையில், வானத்தைப் பார்க்கும் தோள் பக்கம் நீலம் கூட்டலாம், நிழலில் பழுப்பு கூட்டலாம். சிம்பன்சிக்கு அடிமயிர் அடர்த்தி கிடையாது. நெற்றி, கன்னம், முழங்கைப் பக்கம் தோல் தெரியும். வயதானவற்றுக்கு நெற்றி வழுக்கை, முகவாயில் நரை, முதுகில் சாம்பல். பென்சிலில் வரைந்தால் 6பி, 8பி போன்ற மிகக் கருமையான பென்சிலிலும் ஓர் அளவுக்கு மேல் அழுத்த அழுத்தக் கருமை வராது, பளபளப்புதான் வரும்; ஆழ்ந்த கருமைக்குக் கரிப்பென்சிலுக்கு மாறுங்கள். சாம்பல் நிறத் தாளில் தொடங்கினால் நரைக்கு வெள்ளைச் சுண்ணக்கட்டி போதும்.

அடையாளம் காதில் இருக்கிறது. சண்டையில் பிய்ந்த விளிம்பு, மடிந்த நுனி, முகத்துப் புள்ளிகள், மூக்கின் மேல் சுருக்கம், இவை ஒவ்வொன்றும் ஓர் ஆளைக் காட்டுகிறவை. பராமரிப்பாளரிடம் பெயரைச் சொல்லாமல் வரைவின் முதல் வடிவத்தைக் காட்டி, யார் என்று கேளுங்கள். தயங்கினால் படம் இன்னும் முடியவில்லை.

நேரில் போய் வரையத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். மனிதரின் சாதாரணச் சளிக்கிருமியே சிம்பன்சியைக் கொல்லக்கூடும். நல்ல காப்பகம் அவற்றின் அருகே விடாது, விடவும் கூடாது. ஊழியர்கள் எடுத்த படங்களைக் கேளுங்கள்: நேர்முகம், முக்கால் பக்கம், இரு காதுகளின் பக்கவாட்டுப் படம். கைப்பேசியைக் கிட்டத்தில் வைத்து எடுத்தால் வாய்ப்பகுதி புடைத்து, காது சிறுத்துப் போகும். 85 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ், அல்லது தள்ளி நின்று எடுத்து வெட்டிக்கொள்வது நல்லது. பிளாஷ் போட்டால் புருவமேட்டின் நிழல் அழிந்துவிடும், விலங்கும் மிரளும். கம்பிவலை வழியாக எடுக்கும்போது லென்ஸின் துளையை நன்றாகத் திறந்து வைத்தால் வலை மங்கி மறையும். அதற்காக ஊழியர் வலையோடு ஒட்டி நிற்கக் கூடாது, விரல் போய்விடும். ஜேம்ஸ் மோலிசன் என்ற புகைப்படக் கலைஞர் காப்பகங்களில் அனாதை மனிதக் குரங்குகளைக் கடவுச்சீட்டுப் படம் போல நேருக்கு நேராக எடுத்த முகங்களைப் பாருங்கள். கொஞ்சமும் செல்லம் கொஞ்சாத அந்தப் பார்வைதான் முன்மாதிரி.

அச்சில் கெடுவது பெரும்பாலும் இருட்டு. திரையில் தெரிந்த மயிர்க்கோடு தாளில் ஒரே கருந்திட்டாகிவிடும். அசலை அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்து, நிழற்பகுதியைச் சற்றுத் தூக்கி, முகத்தின் இருண்ட பகுதியை மட்டும் சிறு தாளில் சோதனை அச்சு எடுத்துப் பார்த்த பிறகே முழு அச்சுக்குக் கொடுக்க வேண்டும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள், நிறமி மை. எண்ணிட்ட பிரதி 50 போதும். விற்காத 200 பிரதிகள் ஓவியரின் கைப்பணத்தை முடக்கும். சுருட்டிக் குழாயில் அனுப்பினால் கரிக்கோடு உரசிப் போகும், தட்டையாக அட்டைகளுக்கு நடுவில் அனுப்புங்கள்.

பணக் கணக்கில்தான் நல்ல எண்ணங்கள் சறுக்குகின்றன. 'லாபம் முழுவதும் காப்பகத்துக்கு' என்பது வாங்குபவருக்கு எதையும் சொல்லாத வாசகம். உதாரணமாக 40 டாலர் பிரதியில் அச்சு 12, பெட்டியும் தபாலும் 10, பணம் பெறும் கட்டணம் 2 என்றால் மீதி 16. அந்தப் பதினாறையே விற்பனைப் பக்கத்தில் எழுதுங்கள். கொடுக்கிற பணத்தை 'புதிய ஊஞ்சலுக்கு மட்டும்' என்று பூட்டி வைக்காதீர்கள். சம்பளமும் மின்கட்டணமும்தான் காப்பகத்தை நடத்துகின்றன. அசலை ஏலம் விட்டுவிட்டு, படத்தை நன்றி அட்டைக்கும் தத்தெடுப்புச் சான்றிதழுக்கும் காப்பகமே கட்டணமின்றிப் பயன்படுத்த உரிமை தருவது, பிரதி விற்பதைவிடப் பல நேரம் அதிகம் ஈட்டித் தரும். சிறு ஓவியர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுவே.

தொடங்கும் முன் காப்பகத்தைச் சோதியுங்கள். ஆப்பிரிக்காவில் பான் ஆப்பிரிக்கக் காப்பகக் கூட்டமைப்பில் (PASA) உறுப்பினரா, மற்ற இடங்களில் உலக விலங்குக் காப்பகக் கூட்டமைப்பின் (GFAS) அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். பார்வையாளர் கையில் குட்டியைக் கொடுத்துப் படம் எடுக்க விடுகிற இடம் என்றால் விலகிவிடுங்கள். பிறகு ஒரு பக்க ஒப்பந்தம்: காப்புரிமை யாருக்கு, பங்கு விற்பனை விலையிலா மீதியிலா, பணம் எந்த மாதம் போய்ச் சேரும், அந்த சிம்பன்சி இறந்துவிட்டால் பிரதி விற்பனை தொடருமா. கடைசிக் கேள்விக்கு 'தொடரலாம், பெயருக்குக் கீழே பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் அச்சிட வேண்டும்' என்று எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.