எங்களைக் காலி செய்யச் சொல்கிறவர்களுக்கு

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்தக் கமெண்ட்டுக்கு விழுந்துகொண்டே இருக்கிற லைக்குகளைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. டெல்லிப் புகைமூட்டப் படத்தைப் போட்டு, நல்லவேளை சென்னைக்குக் கடல் இருக்கிறது என்று ஒருவர் பதிவு எழுதியிருந்தார். வடசென்னையில் இருக்கிற எங்கள் எண்ணூருக்கும் அதே கடல்தான், ஒருநாள் விடியற்காலையில் வந்து பாருங்கள் என்று நான் கீழே எழுதினேன். அதற்கு வந்த பதில்தான் அந்தக் கமெண்ட். "அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்தில் யார் வீடு கட்டச் சொன்னது? பிடிக்கலைன்னா காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?"

முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் முன்பே இருந்தது, நிலையம்தான் பிறகு வந்தது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் எல்லாம் கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற இடத்தை நம்பிப் பிழைத்த ஊர்கள். வலை போடுகிறவர்கள் ஒரு பக்கம், ஆற்றில் இறங்கிச் சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கிறவர்கள் இன்னொரு பக்கம். பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1970இல். வடசென்னை நிலையம் 1994இல். வல்லூர் அதற்கும் பின்னால். 2024 மார்ச்சில் வடசென்னையில் இன்னொரு 800 மெகாவாட்டைத் திறந்து வைத்தார்கள். இன்றைக்கு எல்லாவற்றையும் கூட்டினால் இந்தச் சின்ன நிலப்பரப்பில் 4,000 மெகாவாட்டுக்கு மேல். யார் யாருக்குப் பக்கத்தில் வந்து குடியேறியது என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த மின்சாரத்தை எரிக்கிறது நீங்களும் நானும். புகை மட்டும் எங்களுக்கு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதைச் சொன்னதற்குத்தான் அத்தனை ஏச்சு.

கடல் இருக்கிறதே என்கிறார்கள். மதியம் கடல்காற்று எழும்பினால் அது கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கும். சிம்னிகள் நிற்பது கரையோரம். அப்படியென்றால் புகை எங்கே போகும்? அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம், ஊருக்குள்ளேதான் போகும். மார்கழி, தை விடியற்காலையில் காற்றே அசையாது. குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக்கொள்ளும், புகையும் அதோடு படுத்துக்கொள்ளும். சென்னைக்காரர்கள் போகி அன்றைக்கு ஒருநாள் விமானம் தாமதமானால் புகையைப் பற்றிப் பேசுவார்கள். டயர் எரிக்காதே என்று வடசென்னைப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லுவார்கள். டயர் எரிக்கக் கூடாது, உண்மை. நானும் எங்கள் தெருவில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஆண்டு முழுக்க எரிகிற நிலக்கரியைப் பற்றி அதே வாய் ஏன் பேசுவதில்லை?

என் அம்மா மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் மதியத்துக்குள் எடுத்துவிடுவாள். வெயில் பத்தாது, ஈரம் போகாது, இருந்தாலும் எடுத்துவிடுவாள். மிச்ச ஈரத்தை வீட்டுக்குள் ஃபேன் போட்டு உலர்த்துவோம். வெள்ளைச் சட்டையை உதறினால் விரலில் கறுப்பாக ஒட்டும். பள்ளிக்கூட நாட்களில் இதெல்லாம் எல்லோர் வீட்டிலும் இருப்பதுதான் என்று நினைத்திருந்தேன். கல்யாணமாகி அண்ணாநகர் போன என் அக்கா, துணியை ராத்திரி முழுக்க வெளியில் விட்டாலும் அப்படியே இருக்கிறதடி என்று போனில் சொன்னாள். அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அக்கா மகள் லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் இழுப்பு வந்துவிடும். நெபுலைசரை அவள் பையிலேயே வைத்து அனுப்புவார்கள். இப்போது அனுப்புவதே இல்லை. பாட்டி வீடு என்றால் அந்தக் குழந்தைக்கு வீடியோ கால்தான். அந்தக் கமெண்ட்டை எழுதியவருக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நிலக்கரியில் கந்தகம் இருக்கிறது. எரிந்தால் சல்பர் டை ஆக்சைடு. அது சிம்னியை விட்டு வெளியேறியதும் கதை முடிந்துவிடுவதில்லை. காற்றில் இருக்கிற ஈரத்தோடும் அமோனியாவோடும் சேர்ந்து சல்பேட் துகளாக மாறும். 2.5 மைக்ரானைவிடச் சின்னத் துகள், பிஎம் 2.5 என்று சொல்கிறார்களே, அதில் இதுவும் சேர்த்தி. நுரையீரலின் அடிவரை போய் அங்கிருந்து ரத்தத்திலும் கலந்துவிடும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்கும். அடையாறு, வேளச்சேரி என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு, ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். நம் நாட்டு விதி 40 வரை அனுமதிக்கிறது. 39 இருந்தாலும் அறிக்கையில் "விதிக்கு உட்பட்டது" என்று எழுதிவிட முடியும்.

இந்தக் கந்தகத்தைப் பிடிக்கக் கருவி இருக்கிறது. எஃப்ஜிடி என்பார்கள். புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசல் வழியாக விடுவது, கந்தகம் ஜிப்சமாகத் தங்கிவிடும். உலகத்தில் பல நாடுகளில் பல பத்தாண்டுகளாக ஓடுகிற தொழில்நுட்பம். 2015 டிசம்பரில் மத்திய அரசு விதி போட்டது, 2017க்குள் எல்லா நிலையங்களும் அளவைக் குறைக்க வேண்டும் என்று. தள்ளிப்போட்டார்கள். மறுபடி தள்ளிப்போட்டார்கள். கடைசியில் 2025 ஜூலையில், பெரும்பாலான நிலையங்களுக்கு எஃப்ஜிடியே வேண்டாம் என்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள். டெல்லி தலைநகர் வட்டாரத்திலிருந்தோ பத்து லட்சம் பேருக்கு மேல் வாழ்கிற நகரங்களிலிருந்தோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு 2027 டிசம்பர் கெடு. விலக்குப் பெற்றவை சிம்னியின் உயரத்தை விதிப்படி வைத்திருந்தால் போதுமாம். உயரமான சிம்னி கந்தகத்தைக் குறைக்காது, கொஞ்சம் தள்ளிப் போய்ப் போடும்.

இதையே நம் வண்டிகளோடு வைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் வண்டிப் புகைக்குப் புதிய விதி, பிஎஸ் 6. பெட்ரோல், டீசலில் கந்தகம் பத்து லட்சம் பங்கில் 50 என்பதிலிருந்து 10க்கு இறங்கியது. அந்தத் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டபோது உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. சுத்திகரிப்பு ஆலைகள் செலவு செய்து மாறின. வண்டி விலை ஏறியது, நாம் கொடுத்தோம். என் தம்பி தவணையில் வாங்கிய பைக்குக்குப் பொருந்துகிற சட்டம், ஆயிரம் மெகாவாட் நிலையத்துக்கு ஏன் பொருந்தாது? இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் எனக்கு ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்று ஒருவர் பாடம் எடுத்திருந்தார். குறைவுதான். அதன் எரிதிறனும் குறைவு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு டன் கூடுதலாக எரிக்கிறோம் என்பதையும் கணக்கில் சேருங்கள். சாம்பலோ நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு. எங்கள் ஊர்க் கழிமுகத்தை வந்து பார்த்தால் அந்தச் சாம்பல் எங்கே போனது என்று தெரியும். குழாய் உடைந்து ஆற்றில் படிந்து கிடக்கிறது. இறால் தடவியவர்கள் இப்போது சாம்பலைத் தடவுகிறார்கள்.

எஃப்ஜிடிக்குச் செலவு அதிகம், யூனிட்டுக்குச் சில காசுகள் கூடும் என்கிறார்கள். கூடட்டும். ஆஸ்பத்திரியில் நாங்கள் கட்டுவதும் காசுதானே.

அப்புறம், எல்லோருக்கும் பிடித்த கேள்வி: "நீ ஏசி போடலையா? போன் சார்ஜ் பண்ணலையா?" போடுகிறேன். சார்ஜ் செய்கிறேன். கரண்ட் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? கரண்ட்டை இப்படித்தான் தயாரிக்க வேண்டும் என்று யார் விதித்தது என்றுதான் கேட்கிறேன். தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறது. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக்காற்றில் ஓடுகிற காற்றாலையை, மின்கட்டமைப்பு (கிரிட்) வாங்கவில்லை என்று நிறுத்தச் சொன்ன காலமெல்லாம் உண்டு. மின்தடம் போடுங்கள், பேட்டரி வையுங்கள், பழைய அலகுகளை மூடுங்கள். கூரைக்கு சோலார் போட மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. சொந்தக் கூரை இருக்கிறவர்கள் முதலில் போடுங்கள். ஏசி போடாதே என்று எனக்குச் சொல்கிறவர்கள் வீட்டில்தான் ஏசி அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செய்ய முடியாத காரியம் இல்லை. பெய்ஜிங்கில் கடைசிப் பெரிய நிலக்கரி மின் நிலையத்தை 2017இல் மூடினார்கள். 2013இல் 90ஐ ஒட்டி இருந்த பிஎம் 2.5 சராசரி, 2021இல் 33. பிரிட்டன் 2024 செப்டம்பர் 30 அன்று தன் கடைசி நிலக்கரி நிலையத்தை நிறுத்திவிட்டது. நம் ஊரிலேயே 2025 ஜூனில் வியாசர்பாடியிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. அன்றைக்கு எங்கள் பக்கத்து ஜனங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் தெரியுமா! எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கிற கண்டெய்னர் லாரிகளின் டீசல் புகைக்கும் இப்படி ஒரு வழி பிறக்காதா என்று பேசிக்கொண்டோம்.

வேலை கிடைக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று. என் சித்தப்பா ஒப்பந்தத் தொழிலாளியாக நிலக்கரி கையாளுகிற இடத்தில் பல வருடம் இருந்தவர். வீட்டுக்கு வந்தால் இருமலில் வரும் சளி கறுப்பாக இருக்கும். ஒப்பந்தம் முடிந்ததும் முடிந்ததுதான், பென்ஷன் கிடையாது. அவர் வாயிலிருந்து அந்த வேலையைப் பற்றி ஒரு குறையும் வந்ததில்லை. அந்த வேலையில்தான் எங்களையும் சேர்த்துப் படிக்க வைத்தார். அவரை வைத்து என்னை மடக்கப் பார்க்காதீர்கள். அவர் கேட்டதும் வேலைதான், நோயை அல்ல.

எனக்கு வலித்தது புகையைப் பற்றிய வாதம்கூட இல்லை. "காலி பண்ணு" என்று அவ்வளவு சுலபமாகச் சொன்னார்களே, அதுதான். வடசென்னை என்றால் குப்பை, ரவுடி, நாற்றம். சினிமாவிலும் அதுதான், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்திலும் அதுதான். நகரத்துக்கு வேண்டாத எல்லாவற்றையும் எங்கள் பக்கம் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்புறம் எங்களையே வேண்டாதவர்கள் என்றால் எப்படி?

பழைய எண்ணூர் நிலையத்தை 2017 மார்ச்சில் மூடினார்கள். மூச்சு விட்டோம். அதே இடத்தில் 660 மெகாவாட்டில் புதிதாக ஒரு நிலக்கரி அலகு கட்டும் திட்டம் இருக்கிறது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எங்கள் ஜனங்கள் எழுந்து நின்று வேண்டாம் என்றார்கள். அந்த மின்சாரம் உங்கள் வீட்டுக்கும்தான் வரப்போகிறது. அடுத்த கூட்டம் நடக்கும்போது தேதியை இங்கேயே போடுகிறேன், தெற்கிலிருந்தும் வந்து மைக்கைப் பிடித்து வேண்டாம் என்று சொல்லுங்கள்.