டர்ஹாம் புல்ஸ் மைதானம்: ஹோம் ரன்களை அப்படியே ஒப்பிடக் கூடாது

அமெரிக்காவின் டர்ஹாமில் உள்ள இந்த பேஸ்பால் மைதானத்தில், மேஜர் லீகுக்கு அடுத்த நிலையான டிரிபிள் ஏ லீகில் ஆடும் புல்ஸ் அணியும் டியூக் பல்கலைக்கழக அணியும் ஆடுகின்றன. "அடிப்பவரிடமிருந்து இடது மூலை வேலி 305 அடிதான், அதனால் யார் அடித்தாலும் ஹோம் ரன் (பந்து வேலியைத் தாண்டும் அடி), டியூக் மாணவர்களையும் டிரிபிள் ஏ வீரர்களையும் ஹோம் ரன் கணக்கை வைத்தே எடைபோடலாம்" என்று சிலர் சொல்வது தவறு.

அந்த 305 அடியில் நிற்பது 32 அடி உயர நீலச் சுவர். உயரே தூக்கி அடித்த பந்து அதைத் தாண்டிவிடும், உண்மைதான். ஆனால் தாழ்வாக விர்ரென்று போகும் பந்து, வேறு மைதானத்தில் வேலியைத் தாண்டக்கூடியதுகூட, இங்கே சுவரில் மோதித் திரும்பும். நேராக இடது ஃபீல்டர் கைக்கு வந்தால் ஒரு பேஸ் (ஓடிச் சுற்ற வேண்டிய நான்கு இடங்களில் ஒன்று) மட்டுமே கிடைப்பதும் உண்டு.

பேட்டும் வேறு. புல்ஸ் அணிக்கு மர பேட் கட்டாயம். கல்லூரி ஆட்டத்தில் அலுமினியம், காம்போசிட் பேட்டுகள் அனுமதி. 2011 முதல் பிபிகோர் அளவு (பேட்டில் பட்ட பந்து எவ்வளவு வேகமாகத் துள்ளுகிறது என்பதன் அளவு) 0.50-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி வந்ததால், நடுப்பகுதியில் பட்டால் மரத்துக்கு ஏறக்குறைய சமம்தான். வித்தியாசம் கைப்பிடிப் பக்கம் தெரியும்: உடலை ஒட்டி வரும் பந்து பட்டால் மர பேட் முறியும், பந்து சோர்ந்து உருளும். உலோக பேட் முறியாது. அதே பந்து இன்ஃபீல்டை (பேஸ்கள் உள்ள உள்பகுதியை)த் தாண்டி விழும். பந்துவீச்சின் தரத்தைப் பற்றி நான் இன்னும் பேசவே இல்லை.